அப்பாவுக்கும் சேர்த்து ஒரு தள்ளுவண்டி

"இனிமே இந்த வீட்ல என் பேச்சுதான் எடுபடும்" என்று அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். வாயில் பிரஷ் இருந்ததால் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை அம்மா கேட்கவில்லை.

விஷயம் அங்கேதான் ஆரம்பம். ஆனால் யார் யார் என்று சொல்லாமல் போனால் குழம்பும். மளமளவென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வர்ணனை வராது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தேழு. காதுக்கு மேலே நரை, இடுப்புக்கு மேலே தொப்பை. லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்பை மதிக்காதவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார். எங்கள் கட்டடத்து லிஃப்டில் 'எட்டுப் பேர் மட்டும்' என்று ஒட்டியது அவர்தான். போன மாதம் எதிர் வீட்டு டிரைவர் மாமாவின் சம்பந்தி ஒன்பதாவது ஆளாக ஏறிவிட்டார். அப்பா கதவை மூடவிடவில்லை. "எட்டுன்னா எட்டுதான். ஒட்டியிருக்கிறது அழகுக்கா?" என்று கேட்டு இறக்கிவிட்டார். பாவம், சம்பந்தி நாலு மாடி ஏறி வந்து, தண்ணீர் கூடக் குடிக்க முடியாமல் அரை மணி நேரம் மூச்சு வாங்கினார்.

அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. அளவு நாடா கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். தூங்கும்போது கழற்றுவாள் என்று நினைக்கிறேன், அதுவும் சந்தேகம். அம்மா யாரையும் எதற்கும் வற்புறுத்தமாட்டாள். "இந்தப் பச்சை உங்களுக்கு வேணாம்மா, இதைப் போட்டுக்க ஒரு தைரியம் வேணும்" என்பாள். வந்தவர் அந்தப் பச்சையைத்தான் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார். நல்லவேளை, தானாக நடக்கிறது, இல்லையென்றால் அம்மாவுக்கு வியாபாரமே தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினேழு. பள்ளிக்கூடம் முடித்தாயிற்று. மேலே படிக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இல்லை. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வருகிறது, சைக்கிள் செயினைக் கழற்றினால் பசி கூட மறந்துபோகிறது. நான் என்ன செய்யட்டும்?

நாலாவது ஆள் பொட்டலம். என் தம்பி. ஐந்து மாதம். ஆமாம், எனக்கும் அவனுக்கும் நடுவில் பதினேழு வருஷம். எண்ணிப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம், எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் துணியில் இறுக்கிச் சுற்றி மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையில் கொடுத்தார்கள். "பொட்டலம் மாதிரி இருக்கே" என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

பொட்டலத்துக்கு ஒரே சட்டம். நகர்ந்தால் தூங்கும். நின்றால் அழும். சாதாரண அழுகை இல்லை. கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிற அழுகை. காலை ஆறரை முதல் எட்டரை வரை அம்மாவிடம் துணி வாங்க ஆட்கள் வருவார்கள், வேலைக்குப் போகிற வழியில். அந்த இரண்டு மணி நேரம் யாராவது பொட்டலத்தை மார்பில் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். யார்? வேலைவெட்டி இல்லாதவள் யாரோ அவள்.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுதான் சிக்கல்.

பூங்காவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அதை நடத்துகிற அக்கா என்னைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டே அவளுக்கு ஒரு வளைந்த சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தேன். "ஒண்ணாந் தேதியிலிருந்து வா. ஏழு மணிக்கு ஷட்டர் திறக்கும்போது நீ நிக்கணும். பதினொரு மணி வரைக்கும். ஏழேகாலுக்கு வந்தேன்னா உன் இடத்துல வேற ஆள் இருக்கும்" என்றாள். அவள் ரொம்பப் பேசமாட்டாள். அதனால்தான் பிடித்தது.

வீட்டில் சொன்னேன்.

"அப்ப பொட்டலத்தை யாரு நடத்துறது?" என்றார் அப்பா.

"நீங்க."

"நானா?"

கயிறு அறுந்த லிஃப்டுக்குள் இருப்பவர் மாதிரி பார்த்தார்.

அப்பாவுக்குப் பொட்டலம் என்றால் உயிர். வீட்டுக்குள் அவர் அதற்குக் குதிரை, ஊஞ்சல், விசிறி எல்லாம். மூக்கால் பாட்டுக் கூடப் பாடுவார். ஆனால் வாசலைத் தாண்டினால் கையில் வாங்கவே மாட்டார். காரணம் எனக்குத் தெரியும். மூன்றாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் வரிசையில் எல்லார் முன்னாலும், "தாத்தா, பேரனை இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு வெளியே போனாலே இடுப்பு வலி. டாக்டர் வேறு தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். "லிஃப்ட் மெக்கானிக் நடந்தா அது தொழிலுக்குச் செய்யற துரோகம்" என்று அதையும் தட்டிக்கழித்துவிட்டார்.

அம்மா வாயில் குண்டூசி வைத்திருந்தாள். ஒண்ணாந் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அப்பா நுரையைத் துப்பிவிட்டு, ஃபோனை அம்மாவின் தையல் மெஷின் மேல் வைத்தார்.

"இதைப் பாரு. இதைத்தான் வாங்கப் போறோம். நான் முடிவு பண்ணிட்டேன்."

வீடியோவில் ஒரு தள்ளுவண்டி. முன்னால் குழந்தை உட்கார இடம். பின்னால், தள்ளுபவர் நடக்கிற இடத்தில், சக்கரம் வைத்த ஒரு நீளப் பலகை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் அதில் ஒரு காலை வைத்து, மறு காலால் தரையை உந்தினான். வண்டி, குழந்தை, அப்பன் எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது.

"என்னது இது?"

"தள்ளுவண்டி."

"தள்ளுவண்டியா? என்ன விக்கப் போறீங்க?"

"விக்கப் போறதில்லை, ஏறப் போறேன்!"

"குழந்தை எங்க?"

"முன்னாடி."

"நீங்க?"

"பின்னாடி, பலகை மேல."

"அப்ப தள்ளுறது யாரு?"

"யாருமே தள்ள வேணாம்! அதானே விஷயம்! ஒரு உந்து. அவ்வளவுதான். காத்து மாதிரி போகும். இதுல போனா எவனாவது என்னைத் தாத்தான்னு சொல்லுவானா?"

சொன்ன பிறகுதான் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அம்மா அப்பாவை உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை பார்த்தாள். சட்டைக்கு அளவெடுக்கிற பார்வை.

"வேணாங்க" என்றாள்.

"ஏன் வேணாம்?"

"ஆசை ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் மூலையில நிக்கும். உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினீங்களே, அது மாதிரி."

உடற்பயிற்சி சைக்கிள் முன்னறையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் மூன்று பேண்டும் ஒரு துண்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"அது வேற, இது வேற! இதைத் தினமும் ஓட்டுவேன்."

"சொல்லுவீங்க."

"தினமும்! ஒரு நாள் தவற மாட்டேன். சத்தியம்!"

அம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அப்பா மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "ஞாயித்துக்கிழமையும்!"

மத்தியானம் அப்பா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"பெரியவளே, நீ என் கட்சிதானே?"

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"வண்டி வந்தா காலைல பொட்டலம் என் பொறுப்பு. நீ கடைக்குப் போ. வராட்டி நீதான் தூக்கணும். யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? நேராக முன்னறைக்குப் போனேன். அம்மா தரையில் துணி விரித்து சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த வண்டியை வாங்கிடலாமே. காலைல அப்பா பாத்துக்குவாரு."

"காலைல பாத்துக்குவாருன்னே வெச்சுக்கோ. சாயங்காலம்? அஞ்சரைக்கும் அது ஒரு அழுகை அழுதே. எனக்குத் துணி வெட்டுற நேரம். கத்திரி கையில இருக்கும்போது அது கத்தினா கை கோணிடுது."

"சாயங்காலம் நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்டி. நீ பாவம். கடையில நின்னு களைச்சுப் போய் வருவே. உன்னால முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. என்னால் முடியாதா? நான் ஒரே கையில் டயர் கழற்றுகிறவள்.

"யாருக்குக் களைப்பு? அஞ்சரையிலிருந்து ஆறரை வரைக்கும் நான் தள்ளிட்டுப் போறேன். தினமும். எழுதி வெச்சுக்கோ!"

"சரி. நீயாச் சொல்றே" என்றாள் அம்மா, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டை விரலை உயர்த்திக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அம்மாவையே மடக்கிவிட்டோம் என்று நானும் அப்பாவும் கை குலுக்கிக்கொண்டோம். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது 'வேணாம்' புதன்கிழமை வந்தது. அப்பா அந்த வீடியோவை அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை பார்த்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போகும்போது கூட ஒரு காலால் தரையை உந்திப் பார்த்தார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "பொட்டலத்தைக் கூட்டிட்டுப் போக வேண்டியது ஆறரைக்கு. நீங்க எழுந்திரிக்கிறது ஏழரைக்கு. வண்டி யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்?"

"ஆறுக்கே எழுந்திரிப்பேன்!"

"நீங்களா?"

"நாளைக்கே பாரு!"

வியாழக்கிழமை ஆறு மணிக்கு அப்பா எழுந்துவிட்டார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மறுபடி திறந்தார். ஆனால் எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமையும்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். குழந்தைச் சாமான்கள் மட்டும் விற்கும் பெரிய கடை. அந்த வண்டி கண்ணாடிக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. கடைப் பெண் என் வயதுதான் இருப்பாள். அவளுக்கும் நிற்க நேரமில்லை, எனக்கும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்ததும் புரிந்துகொண்டோம்.

"சார், இது வந்து... சின்ன வயசு அப்பாங்கதான் வாங்குவாங்க" என்றாள்.

அப்பாவின் காது சிவந்தது. "நகருங்க" என்றார்.

பலகையில் ஏறினார். ஒரு உந்து. வண்டி பால் புட்டி அலமாரியைத் தாண்டியது. அப்பா சிரித்தார். இரண்டாவது உந்து. கிலுகிலுப்பை வரிசையைத் தாண்டியது. அப்பா இரண்டு கையையும் விட்டுவிட்டு விரித்தார், வீடியோவில் அந்த இளைஞன் செய்த மாதிரி. வீடியோவில் அந்த இளைஞனுக்கு முன்னால் டயப்பர் மூட்டை அடுக்கியிருக்கவில்லை.

நல்லவேளை, டயப்பர் மெத்தென்று இருக்கும்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மூட்டைகளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பிரேக் நல்லாத்தான் இருக்கு. நான் பிடிக்கலை, அவ்வளவுதான்."

இந்தக் கலவரத்தில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? நாடாவைக் கழற்றி வண்டியின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"லிஃப்டுக்குள்ள போகுமாங்க?"

"லிஃப்ட் கதவு எண்பது சென்டிமீட்டர். என்கிட்டயே கேக்கிறியா? தாராளமாப் போகும்."

"சார், உள்ள ஒரு புத்தகம் இருக்கு" என்றாள் கடைப் பெண். "படிச்சுட்டு..."

"அம்மாடி, இருபத்தஞ்சு வருஷமா மெஷின்தான் என் பொழப்பு. எனக்குப் புத்தகமா?"

கடைப் பெண் அந்தப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டாள்.

"வேணாங்க. எனக்கென்னமோ மனசு ஒப்பலை."

"இப்ப என்ன?"

"பலகையை நம்பித்தானே இத்தனையும் சொல்றீங்க? நாளைக்கு அது உடையுது, திருகாணி கழலுது, ஏறவே முடியலைன்னு வெச்சுக்கோங்க. அப்புறம் இடுப்பு வலின்னு படுத்துடுவீங்க. குழந்தை பெரியவ தலையில விழும்."

பக்கத்தில் ஒரு ஜோடி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இளம் ஜோடி. அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். நெஞ்சோடு தொப்பையும் நிமிர்ந்தது.

"பலகை இல்லாட்டி என்ன? கையால தள்ளிட்டு நடந்தே போறேன்! என் புள்ளையை நான் தள்ள மாட்டேனா? போதுமா?"

"நடந்தே போவீங்களா?"

"போவேன்!"

"அப்ப சரி" என்றாள் அம்மா. "உங்க இஷ்டம். நான் சொன்னா எங்க கேக்கறீங்க!"

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்று மாலை முழுக்க அப்பா வண்டியைப் பிரித்து மாட்டினார். ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு முறை முடுக்கினார். சக்கரத்துக்கு நான் எண்ணெய் போட்டேன். அந்தச் சக்கரங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், அருமையாகச் சுற்றின. பிறகு அப்பா மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்: "நாளைக் காலைல ஆறரை மணிக்குக் கீழ வாங்க. ஒரு விஷயம் காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை. ஆறரை. அப்பா புது ஷூ, கறுப்புக் கண்ணாடி. பொட்டலம் வண்டிக்குள், வாயில் விரல். கட்டடத்து வாசலில் பதினைந்து பேராவது நின்றார்கள். வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் மாமா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், அதனால் குனிந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஹாரன் இல்லையா?"

"உள்ள தூங்குறானே, அவன்தான் ஹாரன்."

கூட்டம் சிரித்தது. அப்பாவுக்கு இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது. பலகையைக் கீழே இறக்கினார். வலது காலைத் தூக்கினார்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

அம்மா லிஃப்டிலிருந்து வந்தாள். கழுத்தில் நாடா, கையில் அந்தப் புத்தகம்.

"பலகை ஓரத்துல என்னமோ ஒட்டியிருக்கே. பாத்தீங்களா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா ஒட்டுவான்."

டிரைவர் மாமா நிமிர்ந்தார். ஒரு மாதமாக அவர் இதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"சும்மா ஒட்டுவானா? அப்ப நீங்க லிஃப்டுல ஒட்டினதும் சும்மாதானா? எங்க சம்பந்தி இன்னும் மூச்சு வாங்கிட்டு இருக்காரு சார்!"

அப்பாவின் கால் அந்தரத்திலேயே நின்றது.

"சும்மா இல்ல" என்றார் கடைசியில். "ஒட்டினா ஒட்டினதுதான். படி."

"எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. ஏய், நீ படிடி" என்று அம்மா என்னைத் தள்ளினாள்.

எனக்கு மெல்லப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"'ஒன்று. குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை, பெரியவர்கள் பலகையில் ஏறக் கூடாது. பலகையை மடித்துவிட்டு, நடந்தே தள்ளவும்.'"

"நம்மதுக்கு எவ்வளவு?" என்றார் வாட்ச்மேன், தெரியாத மாதிரி.

"அஞ்சு மாசம்" என்று பதினைந்து பேரும் சொன்னார்கள்.

"'இரண்டு. பலகையில் நிற்பவரின் எடை எண்பது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது.'"

"அது பரவால்ல" என்றார் அப்பா அவசரமாக. "நான் எழுபத்தெட்டு."

"அது கல்யாணத்தப்போ" என்றாள் அம்மா. "இப்ப தொண்ணூத்தொண்ணு. போன மாசம்தானே டாக்டர் ஏத்தி நிறுத்திப் பாத்தாரு."

"ஓவர்லோடு!" என்றார் டிரைவர் மாமா. அவருடைய வாழ்க்கையின் மகிழ்ச்சியான காலை அதுதான்.

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அவர் முகம் பாவமாக இருந்தது. சுற்றிப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால், தொண்ணூற்றொரு கிலோவும் நரைத்த தலையுமாக, சாதாரண வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு ஒண்ணாந் தேதி. அவர் மாடிக்குத் திரும்பிவிட்டால் என் சைக்கிள் கடை அவ்வளவுதான். ஆனாலும் ஒரு நொடி, போகட்டும், நாமே தூக்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு நொடிதான்.

"கடையில திருப்பிக் குடுத்துடலாமா?" என்றார் மெதுவாக.

"குடுத்துடலாங்க" என்றாள் அம்மா, அதைவிட மெதுவாக. "உங்களால முடியாதுன்னா வேணாம்."

வண்டி நின்றுவிட்டதைப் பொட்டலம் கண்டுபிடித்துவிட்டது. உதடு பிதுங்கியது. மூக்கு சிவந்தது. வாட்ச்மேன் சல்யூட்டுக்குத் தயாரானார்.

அப்பா பலகையை மடித்தார். கைப்பிடியைப் பிடித்தார்.

"யாரு முடியாதுன்னது? நகருங்க எல்லாரும்!"

தள்ளினார். பொட்டலம் வாயை மூடியது. வாசலைத் தாண்டி, சந்தின் சரிவில் ஏறி, பூங்கா வாசலுக்குள் போய்விட்டார். பின்னாலிருந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரிந்தது. நேராகத்தான் இருந்தது.

"ஏழு மாசம் இப்படி நடந்தா," என்றாள் அம்மா, நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "அவனுக்கு ஒரு வயசும் ஆகும், இவருக்கு எண்பதும் ஆகும்."

"எண்பதா?" என்று டிரைவர் மாமா பதறினார்.

"கிலோங்க."

எட்டரைக்கு அப்பா திரும்பினார். சட்டை முழுக்க வியர்வை. முகமோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"ஏம்மா, பூங்காவுல ஒரு பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உங்க குழந்தையா சார்? அப்படியே உங்க மூக்கு'ங்குது! சார்! தாத்தா இல்ல, சார்!"

"அப்படியா?" என்றாள் அம்மா. "பரவால்லையே."

மறுநாள் ஏழு மணிக்கு நான் ஷட்டருக்கு முன்னால் நின்றேன். ஆறு ஐம்பதுக்கே நின்றேன் என்பதுதான் உண்மை. பூங்கா வழியாகப் போகும்போது அப்பாவையும் பார்த்தேன். ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், மூக்கைப் பற்றிச் சொன்னவள் போலிருக்கிறது. அவள் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். காலரில் இரட்டைத் தையல். அந்தத் தையல் எந்த மெஷினில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சைக்கிள் ஞாபகம்.

இரண்டு வாரம் ஓடிவிட்டது. அப்பா ஒரு நாள் கூடத் தவறவில்லை. பூங்காவில் நாலு அப்பாக்கள் அவருக்குச் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள், எல்லாரும் முப்பதுக்குள். "நான் அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன் பாரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் காலையில் கடை, மாலை ஐந்தரைக்குப் பொட்டலம் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். ஐந்தரைக்குத்தான் என் சிநேகிதிகள் எல்லாரும் பூப்பந்து விளையாடக் கூடுவார்கள். நானும் மைதானத்துக்குப் போகிறேன். அதைச் சுற்றி வண்டி தள்ளிக்கொண்டு.

கடை அக்கா எனக்கு ஒரு மேலங்கி தைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள், எண்ணெய்க் கறை படாமல் இருக்க. நேற்றுச் சாயங்காலம் அம்மா என் தோளை அளந்து, "பதினஞ்சரை. அளவு நோட்டுல குறிச்சு வை" என்றாள்.

அளவு நோட்டை அதுவரைக்கும் நான் திறந்ததே இல்லை. சொன்னேனே, கொட்டாவி வரும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். மேலே அளவுகள். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. 'பூங்காத் தெரு டீச்சர். பச்சை வேண்டாம் என்று சொல்லணும். இரண்டு தடவை.'

கொட்டாவி வரவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

'அவர்' என்று தலைப்பு. தேதி ஒரு வியாழக்கிழமை. அப்பா அந்த வீடியோவைக் காட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முந்தியது.

'லிஃப்ட் கதவு 80. வண்டி 62. எடை 91, பலகை தாங்குவது 80. வண்டிப் புத்தகம் கடையில் படித்தாச்சு. வீடியோவை அவர் ஃபோனில் தேடி வைத்தாச்சு. வேண்டாம் என்று சொல்லணும். மூன்று தடவை. பத்தாவிட்டால் நாலாவது, கீழே, எல்லார் முன்னாலும். டீச்சரிடம் மூக்கைப் பற்றிச் சொல்லி வைக்கணும்.'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம் அப்பா! முழு முட்டாள் ஆக்கப்பட்டது தெரியாமல் முடிவு எடுத்தேன், முடிவு எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாரே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

'பெரியவள்' என்று இருந்தது. அதே வியாழக்கிழமை.

'காலை ஏழு முதல் பதினொன்று வரை கடை. போகட்டும், ஆசைப்படுகிறாள். சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறரை: பொட்டலம். இவளுக்கு ஒரு தடவை சொன்னாலே போதும்.'

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஏய், அஞ்சரை ஆச்சு" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "களைப்பா இருந்தா வேணாம்டி."

எல்லாம் தெரிந்துவிட்டது இப்போது. இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நல்ல பதிலாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"யாருக்குக் களைப்பு?" என்று கத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.